பேஸ் கேம்ப்புக்கு அப்பாவோடு போனவள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில் காலை நடைக்குப் போகிறவர்கள் ஒரு குழுவாக நேபாளத்தில் இருக்கும் அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்குப் போவது என்று முடிவானபோது, எங்கள் வீட்டிலிருந்து அப்பாவும் நானும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அண்ணன் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். அண்ணி வருவதாக யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பா திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவர். ஓய்வு பெறும் காலம் நெருங்கிவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது சுரங்கத்தின் விளிம்பில் இருக்கும் பார்வை மேடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். அடி ஆழத்தில் அவருடைய இயந்திரம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. "கீழ போறதே என் பொழப்பாப் போச்சு. ஒரு தடவையாவது நல்லா ஒசரமா ஒரு மலைக்குப் போவணும். நீ பெரிசாவு, ரெண்டு பேரும் போவலாம்" என்றார். அவர் அதைச் சும்மா சொல்லியிருக்கலாம். நான் 'ரெண்டு பேரும்' என்ற சொல்லை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அந்த உயரத்தில் அவர் பக்கத்தில் நிற்பது என்பது, எனக்கு வேலை கிடைத்ததைவிடவும் நான் அதிகம் எதிர்பார்த்திருந்த ஒன்று.

அதனால் ஏற்பாடுகளை எல்லாம் நானே செய்தேன். ரயில், எல்லை தாண்டும் பேருந்து, பொக்காராவில் தங்கும் இடம், மருந்துகள், ஆளுக்கு எத்தனை சாக்ஸ், பருப்புப் பொடியை யார் எடுத்து வருவது, ஊறுகாயை யார் எடுத்து வருவது. நான் மின் பொறியியல் படித்தவள். சுரங்கத்தில் மண்ணைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகளின் பராமரிப்புப் பிரிவில் ஒப்பந்த ஊழியராக இருக்கிறேன். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நெய்வேலியில் மலை கிடையாது. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகள்தான் உண்டு. பழைய மேடு ஒன்றில் இப்போது மரங்கள் வளர்ந்து காடு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் நானும் முதுகுப்பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு அதில் ஏறி இறங்கினோம். அப்பா அதிகம் பேசமாட்டார். மூச்சு வாங்கும்போது இடுப்பில் கைவைத்து நின்று, "என்னா இன்ஜினியர், முடியுதா?" என்பார். முடியுது என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஃபோர்மேன் மாமாவின் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறி அந்த அம்மா வரவில்லை என்று ஆனதும்தான் விஷயம் திரும்பியது. ஃபோர்மேன் மாமா அப்பாவின் ஷிஃப்டில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸ். அன்று சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தாள்.

"ஒரு எடம் காலியாவுதாமே. இவளையும் கூட்டிக்கினு போங்க. புருஷன் வெளிநாட்டுல கெடக்கறான், இவ என் மூஞ்சியவே எத்தினி நாளு பாத்துக்கினு இருப்பா?"

"அண்ணி பயிற்சி எதுவும் எடுக்கலம்மா" என்றேன்.

"என்னா பெரிய பயிற்சி. காடாம்புலியூர்ல முந்திரித் தோப்பு முச்சூடும் நடந்த பொண்ணு."

அண்ணி ரசச் சட்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "நான் வரல அத்த. அவங்க ரெண்டு பேரும் எவ்ளோ நாளா ஏறிக்கினு இருக்காங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் நான்கு காரணங்கள் சொல்லியிருப்பேன். அவள் சொல்லிவிட்டதால், நானும் அதையே சொன்னால் கேவலமாக இருக்கும். அப்பா என்னைப் பார்த்து, "எடம் இருக்குதா?" என்றார். இருந்தது. இருக்கிறது என்றேன்.

நடை தொடங்கிய முதல் நாளே வழிகாட்டி ஒரு விதி சொன்னார். நேபாளக்காரர், ஹிந்தியில் பேசினார். சுரங்கத்தில் வடநாட்டு ஆட்களோடு பழகிய அப்பாதான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். யாரும் அவரை முந்தக்கூடாது. நன்றாக நடப்பவர் கடைசியில் வர வேண்டும்.

"நம்ம கன்வேயர் மாதிரியே வெச்சிருக்கான் பாரு" என்றார் ஃபோர்மேன் மாமா. "முன்னாடி பெல்ட்டு நின்னா பின்னாடி எல்லாம் தன்னால நிக்கணும்."

அப்படித்தான் அமைந்தது. வழிகாட்டிக்குப் பின்னால் அண்ணி. அவளுக்குப் பின்னால், அவள் படிகளில் தடுமாறினால் பிடித்துக்கொள்ள, அப்பா. பிறகு அப்பாவின் சிநேகிதர்களும் அவர்கள் மனைவிமாரும். கடைசியில் நான். இத்தனை ஞாயிறுகள் அரிசி மூட்டை சுமந்து நான் சம்பாதித்தது, அப்பாவிடமிருந்து ஆகத் தொலைவான இடத்தை. வளைவுகளில் மட்டும் அவருடைய தொப்பி தெரியும்.

அந்த நாட்களில் எனக்கு வயிறு எரிந்த சந்தர்ப்பங்களை வரிசையாகச் சொல்ல முடியும். ஒன்று, கல் படிகளில் அப்பா தன் கைத்தடியை அவளிடம் கொடுத்துவிட்டு ஒரு மூங்கிலை ஊன்றி நடந்தது. இரண்டு, தேநீர்க் கடையில் அவளிடம் "சாப்புட்டியா கண்ணு", "இன்னுங் கொஞ்சம் வெச்சிக்க", "நெசமா போதுமா" என்று மூன்று தடவை கேட்டது. என்னை ஒரு தடவைதான் கேட்பார், ஏனென்றால் நான் முதல் தடவையே சரியான பதிலைச் சொல்லிவிடுவேன். மூன்று, அந்தக் 'கண்ணு'. எனக்கு இன்ஜினியர், அவளுக்குக் கண்ணு. அப்புறம் அவர்கள் பேசிக்கொண்டே போனது. மூச்சு வாங்கும் ஏற்றத்தில் என்ன பேச முடியும் என்று எனக்குப் புரியவில்லை. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, பெண் பார்க்க வந்த அன்று அண்ணனின் சட்டையில் விலைச் சீட்டு தொங்கியது, இந்த மாதிரி. எனக்கு முன்னால் நடந்தவர்கள் வழியாகக் கதை துண்டு துண்டாகப் பின்னால் வந்து சேரும். அப்பா சிரித்தது மட்டும் நேராகக் கேட்டது.

அண்ணி அடிக்கடி நிற்பாள். தண்ணீர் குடிப்பாள், கொஞ்ச நேரத்தில் பாறை மறைவு தேடுவாள். "மாமா, செத்த நில்லுங்க" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போவாள். முதல் நாள் ஆண்களுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த நாள் ஃபோர்மேன் மாமாவே, "சிக்னல் வுழுந்துடுச்சி, எல்லாம் அந்தாண்ட மலையப் பாருங்கப்பா" என்று அறிவிக்கத் தொடங்கிவிட்டார். எல்லாரும் திரும்பி நின்று மலையைப் பார்ப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே வருவாள், வரிசை மறுபடி நகரும். ஒவ்வொரு முறையும் நான் கடைசியில் பையை இறக்காமல் நின்றேன். பையை இறக்கினால் நானும் களைத்திருப்பதாக ஆகிவிடும்.

நான் நிற்கவே இல்லை, ஏனென்றால் தண்ணீரே குடிக்கவில்லை. இது பிடிவாதம் அல்ல, பழக்கம். சுரங்கத்தின் அடியில் கன்வேயர் ஓரமாக வேலை பார்க்கும் பெண் ஒதுங்க வேண்டும் என்றால் வண்டி பிடித்து வெகுதூரம் மேலே வர வேண்டும். வண்டி கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்டது, காலையில் ஒரு வாய், அப்புறம் ஷிஃப்ட் முடிந்துதான். வெயில் காலத்திலும் அப்படித்தான். உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்றும், அது ஒரு திறமை என்றும் நினைத்திருந்தேன். வழிகாட்டி தினமும் வரிசையின் கடைசி வரை வந்து "பானி?" என்று கேட்பார். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவேன். அது நிறைந்திருக்கும். மறுபடி நிரப்பிக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பேஸ் கேம்ப்புக்கு முந்தைய கடைசித் தங்குமிடத்துக்கு நாங்கள் பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். மச்சபுச்சரே மலையின் காலடியில் நீலத் தகடு வேய்ந்த சில லாட்ஜுகள். அங்கிருந்து மறுநாள் விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பேஸ் கேம்ப். நான் மனத்துக்குள் அந்தக் கடைசி ஏற்றத்தை வேறு மாதிரி வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அது அகலமான வழி, படிகள் இல்லை என்று படித்திருந்தேன். அங்கே யாரும் யாருக்கும் பின்னால் நடக்க வேண்டியதில்லை. நான் முன்னால் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் சேர்ந்துகொள்வேன்.

பையை இறக்கிக் குனிந்தபோது தலைக்குள் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. சாப்பாட்டு மேசையில் பருப்பும் சோறும் வந்தன. இரண்டு வாய் உண்டேன், வாசலுக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். வழிகாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஒரு கிளிப்பை என் விரலில் மாட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் ஹிந்தியில் நிறையக் கேட்டார். அப்பா எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார், தலை எங்கே வலிக்கிறது, தூங்கினாயா என்று. அப்புறம் ஒரு கேள்வியில் நின்றுவிட்டார். தாடியைச் சொறிந்தார். சுவரைப் பார்த்தார்.

"என்னா மாமா கேக்கறாரு?" என்றாள் அண்ணி.

அப்பா அவளிடம் முணுமுணுத்தார். அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள். "காலையிலேர்ந்து எத்தினி தடவ ஒண்ணுக்குப் போன?"

"ஒரு தடவ."

"எப்ப? கெளம்பறதுக்கு முன்னாடியா?"

அவள் என் பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, மைன்ஸுலயா இருக்க நீ?" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "தெனமும் வூட்டுக்கு வந்ததும் தோள்ல மாட்டன பையக் கூட எறக்காம பாத்ரூமுக்கு ஓடுவா மாமா. நீங்க பாத்ததில்ல? பகல் முச்சூடும் குடிக்கமாட்டா. இங்கயும் அதேதான் பண்ணியிருக்கா."

அப்பா பார்த்ததில்லை. அவரும் அதே சுரங்கத்தில்தான் இருந்தார். ஆனால் அது எனக்கும் அவருக்கும் ஒன்றல்ல என்பது அந்த நிமிடம்தான் அவருக்குத் தெரிந்தது என்று அவர் முகத்தில் இருந்தது. என்னை அப்பாவுக்குப் புரியவைத்தவள் அவள். அதற்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். தலைவலிக்கு நடுவில் எனக்குத் தோன்றியது, இதைக்கூட இவள்தான் சொல்ல வேண்டுமா என்பதுதான்.

அன்று மாலை முழுவதும் அண்ணி என்னை டம்ளர் டம்ளராகக் குடிக்கவைத்தாள். விடியலில் தலைவலி பாதியாகக் குறைந்திருந்தது. நான் ஷூவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழிகாட்டி மறுபடி கிளிப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, என் ஷூவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேலே போகக்கூடாது. இங்கேயே படுத்திருக்கலாம், வலி கூடினால் கீழே இறங்க வேண்டும். லாட்ஜ் நடத்தும் அம்மாள் பார்த்துக்கொள்வார்.

அண்ணி உடனே, "நான் இவகூட இருக்கேன்" என்றாள். எனக்கு அது வேண்டாம். அவள் எனக்காக இருந்துவிட்டால், இந்தப் பயணத்தில் நல்லவள் யார் என்பதும் முடிவாகிவிடும். "வேணாம் அண்ணி, நீங்க போங்க" என்றேன்.

அப்பா வாசலில் நின்றார். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். வெளியே மற்றவர்கள் காலை உதைத்துக்கொண்டு நிற்பது கேட்டது.

"நான் போவட்டுமா?" என்றார்.

"போங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் விருந்தாளியை மூன்று முறை கேட்காமல் தட்டை எடுக்கமாட்டார்கள். இன்னும் ஒரு முறை கேட்டால்கூட நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். இருங்கப்பா, நாம அடுத்த வருஷம் ரெண்டு பேரும் வரலாம் என்று சொல்லியிருப்பேன். அந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

லாட்ஜின் சாப்பாட்டு அறைக்கு ஒரு நீண்ட கண்ணாடி ஜன்னல் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு மெதுவாக மேலேறிப் போவதும் நடுவில் போகும் வழியும் தெரிந்தன. நான் படித்தது சரி, அகலமான வழிதான். வரிசை கலைந்துவிட்டது. ஃபோர்மேன் மாமா தனியாக முன்னால் போனார், மற்றவர்கள் சிதறி நடந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் போனார்கள். ஒருவர் பழுப்புக் குல்லாய், ஒருவர் மஞ்சள் மழைக்கோட்டு. அந்த மழைக்கோட்டு என்னுடையது. அவளிடம் இல்லை என்று நான்தான் இரவல் கொடுத்திருந்தேன்.

லாட்ஜ் அம்மாள் பூண்டு சூப் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். வெயில் முதலில் மலை உச்சியில் பட்டுக் கீழே இறங்கியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது மஞ்சள் புள்ளியை. அது இரண்டு இடத்தில் நின்றது. கால் வலித்திருக்கும், இவளால் அப்பாவுக்கு இன்னும் தாமதம் என்று நினைத்தேன். ஒரு மேட்டைத் தாண்டியதும் இரண்டு புள்ளிகளும் மறைந்தன. அதன் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. இந்நேரம் பேஸ் கேம்ப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நிற்பார்கள், இந்நேரம் தேநீர், இந்நேரம் அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு ஏதாவது சொல்லியிருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதுதான் என்னை அரித்தது. சிறு வயதிலிருந்து அதைக் கேட்கக் காத்திருந்தவள் நான். அதைக் கேட்டவள் வேறொருத்தி.

அவர்கள் நண்பகலுக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். அப்பா நேராக என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"அங்க பெரிசா ஒண்ணுமில்ல இன்ஜினியர். ஒரு போர்டு, கொஞ்சம் கொடி, சுத்திப் பனி. நம்ம மைன்ஸக் கவுத்துப் போட்டா மாதிரி இருக்குது" என்றார்.

அவர் கண்ணிலிருந்து அது பொய் என்று தெரிந்தது. மூக்கு சிவந்து, தோல் காய்ந்து, பத்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். எனக்காக அவர் அந்த மலைகளைச் சின்னதாக்கிச் சொல்கிறார். முழு அளவிலேயே சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எந்தப் பக்கம் பனிச்சரிவு? காத்து அடிச்சுதா? எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மேலே நின்றபோது என்ன தோன்றியது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அண்ணி வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி மடித்து என் கால்மாட்டில் வைத்தாள்.

"கோவமா?" என்றாள்.

"எதுக்கு?"

"ரெண்டு தடவ நின்னுட்டாரு மாமா. வழியில. திரும்பிப் போயிடலாம், பாப்பா அங்க தனியா கெடக்குதுன்னாரு. நான்தான் கையப் புடிச்சி இழுத்துக்கினு போனேன். இவ்ளோ தூரம் வந்துட்டு உம் மேல பழிய வெச்சிட்டுத் திரும்பினா அது இன்னும் மோசம்ன்னு சொன்னேன். திட்டறதுன்னா என்னத் திட்டு."

அப்பா என்னைப் பாப்பா என்று கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. நான் இல்லாத இடத்தில் சொல்லியிருக்கிறார். ஜன்னலிலிருந்து நான் பார்த்த இரண்டு இடங்களிலும் அவர் நின்றது எனக்காக. அவர் அந்த இடங்களில் எப்படி நின்றார், எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், குரல் எப்படி இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். என் அப்பா என்னை நினைத்துக்கொண்டு நின்றதைக்கூட அவள்தான் பார்த்தாள்.

"திட்ட ஒண்ணுமில்ல அண்ணி" என்றேன். "நீங்க செஞ்சது சரிதான்."

அது உண்மை. சரியானதைச் செய்தவளிடம் கோபப்பட வழி இல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அப்பா ஒரு புகைப்படத்தைப் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டினார். பேஸ் கேம்ப் பலகைக்கு முன்னால் அவரும் அண்ணியும். குல்லாயும் கறுப்புக் கண்ணாடியும் கழுத்துவரை மூடிய மஞ்சள் கோட்டுமாக அவள் முகத்தில் பாதிகூடத் தெரியாது. அப்பா பல் தெரியச் சிரிக்கிறார். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் வீட்டு வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

போன மாதம் சேத்தியாத்தோப்பிலிருந்து அப்பாவின் தூரத்து உறவில் ஒருவர் பத்திரிகை வைக்க வந்தார். காபியை உறிஞ்சிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"எம்மாம் ஒசரம். பொண்ணையும் கூட்டிக்கினு போனியா?"

"ஆமா" என்றார் அப்பா.

பக்கத்திலிருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அப்பா சொன்னது தப்பு என்று சொல்ல முடியாது. பொண்ணைக் கூட்டிக்கொண்டுதான் போனார். உறவினர் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "கண்ணாடி போட்டுக்கினு அடையாளமே தெரியல" என்று சிரித்தார்.

சமையல்கட்டிலிருந்து அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அது..." என்று ஆரம்பித்தாள்.

"மஞ்சள் கோட்டு என்னுதுதான்" என்றேன் நான், அவள் முடிப்பதற்குள்.

அண்ணி என்னைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். பிறகு அவள், "இன்னுங் கொஞ்சம் காபி வெக்கட்டுமா மாமா?" என்று உறவினரைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். உறவினர் கோட்டின் விலையை விசாரித்தார். நான் சொன்னேன்.